விரலில் 90 காட்டினால் ஒட்சிசன் இயந்திரம் வாங்க வேண்டுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நெடுங்காலம் பீடி குடித்த தகப்பனாரை, டயக்னோசிஸ் கார்டில் 'இரண்டாம் வகைச் சுவாசச் செயலிழப்பு' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசன் வீதத்தை அளக்கும் ஒக்சிமீற்றர் 89, 90 என்றே காட்டுகிறது. வைத்தியசாலை வாசலில் அறிமுகமான ஒருவர், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் பழைய கொன்சன்றேற்றர் இயந்திரம் ஒன்றைத் தருவதாகவும் நிமிடத்துக்கு 5 லீற்றரில் விட்டால் 98க்கு ஏறிவிடும் என்றும் சொல்கிறார். நகையை அடகு வைத்து வாங்கலாமா?

இப்போது வாங்க வேண்டாம். நுரையீரல் ஒட்சிசனை இரத்தத்தில் சேர்க்கிறது, காபனீரொட்சைட்டை வெளியேற்றுகிறது. முதல் வேலை மட்டும் கெடுவது முதலாம் வகை. நியூமோனியாவிலும் நுரையீரலில் நீர் கோக்கும்போதும் பெரும்பாலும் நாம் காண்பது அதுவே. காபனீரொட்சைட்டும் தேங்கினால் அது இரண்டாம் வகை. ஒக்சிமீற்றர் இந்தத் தேக்கத்தைக் காட்டாது. நாடியிலிருந்து எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் காட்டும். புகையால் நுரையீரல் பழுதடைந்து காபனீரொட்சைட்டு தேங்கும் உங்கள் தகப்பனாரைப் போன்றவர்களுக்கு நாங்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதை 98க்கு ஏற்றினால் தேக்கம் மேலும் கூடி, அவர் மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும்.

இதை வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்து ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கிறுக்கிய கார்டையும் அடுத்த கிளினிக் திகதியையும் மட்டும் கையில் கொடுத்தால், மீதி விளக்கத்தை வாசலில் நிற்கும் தரகர்தானே கொடுப்பார்? அவர் சொல்லாதது ஒன்று: நெடுநாள் ஓடிய கருவியில் உள்ளிருக்கும் வடிகட்டும் பொருள் பழுதாகியிருந்தால், லீற்றர் அளவு சரியாக நின்றாலும் வரும் காற்றில் ஒட்சிசன் செறிவு குறைந்திருக்கும். அதைச் செறிவுமானியால் அளந்துதான் அறியலாம்.

வீட்டு ஒட்சிசன் தேவைப்படுவோர் உண்டு. உடல்நிலை சீரான பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஒட்சிசன் அழுத்தம் 55 மில்லிமீற்றர் பாதரசமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவருக்கு, வைத்தியர் குறித்த அளவில், நாளுக்கு 15 மணித்தியாலமாவது கொடுப்போம். பீடியை விடாதவர் அருகில் அது தீ விபத்தையே கொண்டுவரும்.

இரண்டாம் வகை என்றாலே புகைத்தவர் என்றும் எண்ண வேண்டாம். படுவான்கரை வயல் வாடிகளில் இரவில் தரையில் படுப்போரைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. பல வேளை வலியே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல். நுரையீரல் பழுதற்றிருக்க, மூச்சுத் தசைகளே செயலிழப்பதால் காபனீரொட்சைட்டு தேங்குகிறது. இவருக்கு ஒட்சிசன் மட்டும் போதாது, செயற்கையாக மூச்சு விடவைக்கும் வென்டிலேற்றர் வேண்டும். நேரத்துக்குக் கிடைத்தால் முழுமையாக மீளலாம். விஷகடி வைத்தியர் வீட்டில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

உங்கள் தகப்பனாருக்குக் காலையில் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், கை நடுக்கம், தடுமாறிய பேச்சு தோன்றினாலோ, ஒக்சிமீற்றர் 88க்குக் கீழே இறங்கி நின்றாலோ 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். கார்டை முதலில் காட்டுங்கள். அம்புலன்ஸில் அளந்து கொடுக்கும் ஒட்சிசனைத் தடுக்க வேண்டாம். புகைபோல் உள்ளிழுக்கும் நெபுலைசர் மருந்து, ஸ்டீரொய்ட், தேவையானால் முகமூடி வழியாக மூச்சைத் தள்ளும் பைபாப் ஆகியவை வைத்தியசாலையில் தொடரும்.