வாசகர் கேள்வி–பதில்: பூட்டியிருந்த கதவு

கேள்வி: அமெரிக்காவில் தொழிலாளர் நலச் சட்டங்கள் பிறக்க நியூயார்க் நகரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்தே காரணம் என்று படித்தேன். ஒரு விபத்து அரசையே மாற்றிவிடுமா?

பதில்: விபத்து மட்டும் மாற்றிவிடவில்லை. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் தறுவாயில் ட்ரையாங்கிள் தொழிற்சாலையில் தீப்பற்றியது. 8, 9, 10ஆம் தளங்களில் அது இயங்கிவந்தது. ஒன்பதாம் தளத்தின் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடு போகாமலிருக்கப் பெண்கள் அனைவரும் ஒரே வாயில் வழியாக, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது அங்கே நடைமுறை. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டோ பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம் பெண்கள்.

கதவைப் பூட்டக் கூடாது, தப்பிக்க வழி வேண்டும் என்பவை 1909இல் நியூயார்க் சட்டைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலேயே எழுந்த கோரிக்கைகள். ட்ரையாங்கிள் முதலாளிகள் தொழிற்சங்கத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஆகவே, தெரியாமல் நேர்ந்த குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது.

மாற்றம் வந்த வழிதான் சுவையானது. மாநிலச் சட்டமன்றம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்குத் தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் அல் ஸ்மித். இருவருமே, நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த, ஊழலுக்குப் பேர்போன டமானி ஹால் என்ற அமைப்பால் வளர்த்தெடுக்கப்பட்ட அரசியல்வாதிகள். அந்தப் பெயரைச் சொன்னால் அன்றைய சீர்திருத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தத் தீயை நேரில் பார்த்த, தொழிலாளர் நலனுக்காகப் பாடுபட்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி, குழுவினரைக் கூடத்தில் உட்காரவைத்து அறிக்கை வாசிக்கவில்லை. தொழிற்சாலைகளுக்கே அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் 'தீத் தப்பும் வழி' என்று எழுதியிருந்த சுவர்த் துளைக்குள் வாக்னரையே ஊர்ந்து போகச் செய்தார். வெளியே பனி உறைந்த, தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துபோன ஓர் இரும்பு ஏணிதான் இருந்தது! இன்னோர் இடத்தில், கயிற்றாலையில் இரவெல்லாம் பத்து மணி நேரம் உழைத்த பெண்கள் விடியலில் வெளியே வருவதை ஸ்மித் நின்று பார்த்தார். அதன் பிறகு அவர்களுக்குச் சட்டத்தின் தேவையை விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டமன்றத்தில் வாக்குகளைத் திரட்டவோ அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேர வரம்பு 1912இல் சட்டமானது. தானியங்கி நீர்த்தெளிப்பான், தீ ஒத்திகை, வேலை நேரத்தில் பூட்டாத கதவு எனப் பிற சட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. பெர்கின்ஸ் 1933இல் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினராகி, தொழிலாளர் துறையை ஏற்றார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்னர் பெயரால் வழங்குகிறது.

கேள்வி: உரிமையாளர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: இல்லை. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற நிரூபிக்கப்பட வேண்டியிருந்ததால், 1911 டிசம்பரில் ஜூரிகள் இருவரையும் விடுவித்தனர். இழப்பீடு கேட்டு வழக்காடிய குடும்பங்களுக்கு 1914இல் ஓர் உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. இதற்கிடையே, 1913இல் அந்த இருவரில் ஒருவரான மேக்ஸ் பிளாங்க், வேறொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மறுபடியும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.