ரப்பர்த் தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு, பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் மேசைப்போர் விளையாட்டுக்கான டாங்கிகளை மாற்றியமைத்து வண்ணம் பூச முடியுமா?

முடியும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சிலிம் ரிவரில் பதினோரு ஆண்டுகளாக நான் இதைத்தான் செய்துவருகிறேன். எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு கடையும் இல்லை. காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி என்னிடம் இல்லை. பிளாஸ்டிக் டாங்கிப் பெட்டி மட்டும் தபாலில் வருகிறது. மற்றதெல்லாம் சமையலறையிலும் இரும்புக்கடையிலும் சித்தப்பாவின் மூன்று ஏக்கர் பால்மரங்களுக்கு நடுவிலும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் எந்த நாள், எந்தச் சாலை, எந்த டாங்கி என்று முடிவு செய்யாமல் கத்தியை எடுக்காதீர்கள். கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டினால் டாங்கி கனமாகத் தெரியுமே தவிர, உயிர் வராது.

என் நாள் 1942 ஜனவரி 7. அன்று விடியுமுன், மேஜர் ஷிமாடாவின் ஜப்பானிய டாங்கிகள் வடக்கே துரோலாக் ஊர்ப் பக்கமிருந்து நிலவு வெளிச்சத்தில் நெடுஞ்சாலை வழியாகவே வந்து, பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷன் என்ற படைப்பிரிவைப் பிளந்துகொண்டு சிலிம் ஆற்றுப் பாலம் வரை போய்விட்டன. எதிர்த்து நிற்க அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. சாலையின் இருபுறமும் காடும் ரப்பர்த் தோட்டங்களும். நான்கே நாளில் கோலாலம்பூரும் விழுந்தது. என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. லயத்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைத்தான் கேட்டதாகவும், விடிந்த பிறகு போன வண்டிகளில் மரக்கிளைகள் கட்டியிருந்ததாகவும் சொன்னார். என் டாங்கிகள் எல்லாவற்றிலும் கிளைகள் இருப்பது அதனால்தான்.

நாள் தெரிந்துவிட்டால் வேலை தானாக வரையறைக்குள் வரும். ஜப்பானியரின் 97 வகை நடுத்தர டாங்கியின் பெட்டியில் சில சமயம் இரண்டு சுழல் கோபுரங்கள் இருக்கும். நீண்ட 47 மி.மீ. பீரங்கி உள்ள கோபுரத்தை எடுக்காதீர்கள். அது பிறகு பிலிப்பைன்ஸ் போரில்தான் முதலில் களமிறங்கியது. மலாயாவுக்கு வந்தது குட்டையான 57 மி.மீ. பீரங்கி. அந்தக் கோபுரத்தைச் சுற்றிக் குதிரை லாடம்போல ஒரு வானொலிக் கம்பி ஓடும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கம்பி இரண்டு ஆட்டத்திலேயே உடைந்துவிடும். பழைய தொலைபேசி வடத்தை உரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை மருந்துக் குப்பியின் மேல் வளைத்து எடுங்கள். விளையாடும் பொம்மையைப் பலர் கையால் தூக்குவார்கள் என்பதை ஒவ்வொரு பாகத்திலும் நினைவில் வைக்க வேண்டும்.

நான் அதிகம் யோசித்தது தகட்டின் தடிமனைப் பற்றி. 95 வகை இலகு டாங்கியின் கவசம் அதிகபட்சம் 12 மி.மீ. நாங்கள் விளையாடும் 1/56 அளவில் அது 0.2 மி.மீ.தான். பிளாஸ்டிக் மூடியைத் திறந்த நிலையில் ஒட்டினால் கோட்டைக் கதவுபோலத் தெரிவது இதனால்தான். குளிர்பான அலுமினியக் குவளையைக் கத்தரித்து, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி மூடி செய்யுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும். முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அந்த மெல்லிய மூடிக்குப் பக்கத்தில் ஒரு வீரனின் தலை தெரியும்போது, அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தவனுக்கும் சாவு எவ்வளவு அருகில் இருந்தது என்பது புரியும்.

தெளிப்பு டப்பாவில் வரும் அடிப்பூச்சை எப்போது தெளிப்பது என்பது நம் நாட்டில் பெரிய கேள்வி. காலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தெளிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருப்பது அப்போதுதான். நண்பகலுக்குப் பிறகு, மழை கட்டுவதற்கு முன் உள்ள ஒன்றிரண்டு மணி நேரமே நல்லது. ஒருமுறை மழை தூறும்போது மெருகெண்ணெய் தெளித்து, மூன்று வார வேலை முழுவதும் வெண்புகை படிந்தது போலாகிவிட்டது. அன்று நான் சாப்பிடவே இல்லை.

அக்கால ஜப்பானிய டாங்கிகள் பலவற்றில் காக்கி, பழுப்பு, பச்சைத் திட்டுகளுக்கு ஊடே மஞ்சள் பட்டைகள் ஓடும். மஞ்சளைக் கடைசியில் பூசினால் மூன்று பூச்சு பூசியும் அடியிலுள்ள பச்சை தெரியும். ஆகவே மஞ்சளை முதலில் பூசிக் காயவிட்டு, பட்டை வர வேண்டிய இடத்தில் ரப்பர்ப் பாலைத் தடவுகிறேன். கடைகளில் விற்கும் மறைப்புத் திரவமும் பெரும்பாலும் ரப்பர்ப் பால்தான். மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்திலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பதால் சித்தப்பா அம்மோனியா சில சொட்டுகள் கலந்து புட்டியில் தருவார். தூரிகையை அதில் நனைத்தால் தூரிகை போய்விடும். தென்னை ஈர்க்கு போதும். பால் காய்ந்து கண்ணாடிபோல ஆனதும் மற்ற நிறங்களைப் பூசி, அன்றைக்கே விரலால் உருட்டி உரித்துவிடுங்கள். நாள் கடந்தால் வண்ணத்தோடு பெயர்ந்து வரும். அந்த மஞ்சள் கோடு சுத்தமாக வெளிப்படும் நொடிக்காகவே நான் டாங்கி செய்கிறேன் என்றுகூடச் சொல்வேன். அப்பா முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அந்த வாடை வந்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

சேற்றுக்கு எங்கள் செம்மண்தான். உலர்த்தி, அம்மியில் அரைத்து, வேட்டித் துணியில் சலித்து, மங்கலான மெருகெண்ணெயில் குழைத்துச் சங்கிலிப் பட்டையில் வைக்கிறேன். காய்ந்தபின் நிறம் கருக்கும். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்த்தால் சரியாகும். தோட்டத்துச் சருகுக்குக் கொதித்து உலர்ந்த தேயிலைத் தூள்.

தொடங்குபவர் ஒரே ஒரு 95 வகை டாங்கியை வாங்குங்கள். முழு நீளமே 8 செ.மீ.க்குள்தான், தவறினாலும் பெரிய இழப்பில்லை. என் மேசையில் ஒன்பது டாங்கிகள் ஆகிவிட்டன. இப்போது பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று தகர்க்கப்படாமலே ஜப்பானியர் கைக்குப் போன பாலம் அது. அதனால் வெடிமருந்துக் கம்பிகளையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.