இலையில் தேங்கிய சொட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

விலங்குகளின் மன அழுத்தத்தைச் சிறுநீரில் அளப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ரத்தத்தில் பார்த்தால் நேரடியாகத் தெரிந்துவிடாதா? என் நாய்க்குச் சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகம் என்று வந்திருக்கிறது. அது எதற்கோ பயப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ரத்தம் நேரடியானதுதான். ஆனால் பிடித்து ஊசி குத்தினால் சில நிமிடங்களிலேயே கார்டிசால் ஏற ஆரம்பித்துவிடும். நாம் கொடுத்த பயத்தையே நாம் அளந்துகொண்டிருப்போம். சிறுநீரோ கடந்த சில மணி நேரத்தின் கணக்கைச் சேர்த்துத் தருகிறது, விலங்கைத் தொடவே வேண்டாம். சிம்பன்சிகளை ஆராய்பவர்கள் விடிவதற்கு முன்பே மரத்தடியில் போய் நிற்பார்கள். அவை எழுந்து சிறுநீர் கழித்ததும், இலையில் தேங்கிய சொட்டைப் பிப்பெட்டால் உறிஞ்சி உறைநிலையில் வைப்பார்கள். அந்தப் பொறுமை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆய்வகத்தில் இதை அளப்பது பெரும்பாலும் எலைசா (ELISA) என்ற நிறமாற்றச் சோதனையால்தான். 96 சிறு குழிகள் கொண்ட தட்டு. குழிக்குள் மாதிரியின் கார்டிசாலும், நிறத்தை உண்டாக்கும் நொதி சேர்த்த கார்டிசாலும் ஒரே ஆன்டிபாடிக்கு, அதாவது கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு, போட்டி போடும். மாதிரியில் ஹார்மோன் அதிகமென்றால் குழியின் நிறம் வெளிறிப்போகும். சிக்கல் என்னவென்றால், கார்டிசாலைப் போன்ற வேறு மூலக்கூறுகளையும் ஆன்டிபாடி பிடித்துவிடலாம். மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அவற்றைப் பிரித்துக் காட்டும். அதனால் ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும் அல்லவா? அதற்காகத்தான் கார்டிசாலை, தசையிலிருந்து ஏறக்குறைய சீராக வெளியேறும் கழிவான கிரியேட்டினினால் வகுக்கிறார்கள். எலி என்றால் கார்டிசாலுக்குப் பதிலாக அதைப் போன்ற கார்டிகோஸ்டீரோனைத் தேட வேண்டும். பூனை கார்டிசாலின் பெரும்பகுதியை மலத்தில்தான் வெளியேற்றுகிறது.

சரி, உங்கள் நாய். அந்தக் கார்டிசால்-கிரியேட்டினின் விகிதம் குறைவாக இருந்தால் குஷிங் நோய் (உடலில் கார்டிசால் அளவுக்கு மீறி இருக்கும் நோய்) இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லலாம். அதிகமாக இருந்தால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குஷிங் நோயாக இருக்கலாம், வேறு நோயாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். குதூகலமாக ஓடியாடினாலும் கார்டிசால் ஏறும். மருத்துவமனைக்குப் போய்வந்த பதற்றமே எண்ணை உயர்த்திவிடும் என்பதால், ஓரிரு நாள் கழித்து வீட்டிலேயே காலையின் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள். காதுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு மருந்து போடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.