ஓரியூர் அருளானந்தர் திருத்தலத்துச் செம்மண் நோயைக் குணமாக்குமா? கிறிஸ்தவர் அல்லாதவர்கள் அங்கே போகலாமா?

தாராளமாகப் போகலாம். நாங்கள் இந்துக் குடும்பம்தான். அங்கே யாரும் எங்களை என்ன மதம் என்று கேட்கவில்லை. உடனே மதமாற்றம் என்று சிலர் கிளம்புவார்கள். என் அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாரோ நீண்ட நாள் நோயோடு இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்குச் சொரியாசிஸ், தோல் செதில் செதிலாக உரியும் நோய். ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல என்று தோல் மருத்துவர் சொன்னதை உறவினர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில் அம்மாவைப் பந்தியில் உட்காரவிடாமல், தனியே அறைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள். அதை நான் மன்னிக்கவில்லை.

ஓரியூர் ராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானைப் பக்கம் இருக்கிறது. லிஸ்பனில் பிறந்து, இங்கே காவி கட்டி, நம்மூர்த் துறவிகளைப் போலப் பண்டாரசாமியாக வாழ்ந்த கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவர் இரத்தம் பட்டு மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அந்த மண்ணை நெற்றியில் பூசுகிறார்கள், துணியில் முடிந்து வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். முடி இறக்குவதும் கிடா வெட்டுவதும் நம் குலதெய்வக் கோயில் போலவே நடக்கின்றன. புலால் உண்ணாமல் வாழ்ந்தவருக்குக் கிடாவா என்று எனக்கு உறுத்தியது உண்மைதான். ஆனால் அந்தக் கிடாக்கறிதான் அசனமாகிறது, வந்தவர் எல்லோருக்கும் சோறு.

முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் அசனத்துக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கை செதில் வெளியே தெரியாமல் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாக நின்றார். பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் அந்தக் கையையே பிடித்து, “வா தாயி, இலை காயுது” என்று வரிசை நடுவில் உட்கார வைத்தார். அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெளியிடத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மண்ணால் செதில் மறைந்ததா? இல்லை. களிம்பும் மாத்திரையும்தான் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆனால் மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் மனது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் அவருக்கு வந்தது. மூடநம்பிக்கை என்பவர்கள், கல்யாண வீட்டில் அம்மாவை ஒதுக்கிய படித்தவர்களிடம் முதலில் பேசட்டும்.

மண்ணை நெற்றியோடு நிறுத்துங்கள், புண்ணில் பூச வேண்டாம். மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். நோயாளியோடு போவதானால் பிப்ரவரித் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்து வேறு நாளில் போங்கள்.