வட்டக் கால் வேண்டும், யாரிடம் போவது?

மேசைக்கும் டீப்பாய்க்கும் உருண்டையான மரக் கால் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா கணக்கு எழுதிய தேக்கு மேசை வீட்டில் இருக்கிறது. சுவரோரம் இருந்த ஒரு கால் மட்டும் கரையான் அரித்து அடியில் பொடியாகிவிட்டது. நடுவில் குடம் மாதிரி கடைந்த உருண்டைக் கால். எங்கள் ஊர் ஆசாரி, நான்கையும் எடுத்துவிட்டு சதுரக் கால் போடலாம் என்கிறார். அதே மாதிரி ஒன்று செய்ய முடியாதா? (ஒரு வாசகி, திருமங்கலம்)

பதில்: முடியும் அம்மா. நான்கையும் எடுக்கவே வேண்டாம். முதலில் மற்ற மூன்று கால்களையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடியிலிருந்து மேல்வரை தட்டிப் பாருங்கள். உள்ளே அரித்திருந்தால் சத்தம் பொள்ளலாகக் கேட்கும். மூன்றும் திடமாக இருந்தால் அதில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போங்கள். போட்டோவை மட்டும் காட்டிக் கடையச் சொன்னால் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று வரும், பழைய மூன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கழற்றும்போது ஒரு விஷயம். பழைய மேசைகளில் பலகைக்கு அடியில் ஓடும் சட்டமும் காலும் சேரும் இடத்தில் மர ஆணி அடித்திருப்பார்கள், வட்டப் பொட்டு மாதிரித் தெரியும். அதைத் தட்டி வெளியே எடுக்காமல் காலை இழுத்தால் சட்டத்தின் நாக்கு, அதாவது காலின் துளைக்குள் நுழைந்திருக்கும் முனை, உடைந்துவிடும். வச்சிரம் என்கிற பழைய மரப் பசை போட்டு ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை இணைப்பில் சுற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகும்.

கடைசல் பட்டறை எங்கே என்றால், மதுரையில் மரக்கடைகளும் அறுவை மில்லும் இருக்கும் பக்கம் போய் எந்த ஆசாரியைக் கேட்டாலும் கை காட்டுவார். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பு, ஊஞ்சல் கால் எல்லாம் கடைகிறவர்தான் உங்கள் மேசைக் காலையும் கடைவார். நல்ல கைக்காரர் என்றால், பழைய காலைப் படுக்க வைத்துப் பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டையை வைத்து, மேடு ஏறும் இடம், பள்ளம் இறங்கும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் பட்டையில் குறிப்பார். பிறகு புது மரம் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், சுற்றும்போது அந்தப் பட்டையைப் பார்த்துப் பென்சிலைத் தொட வைத்தால் மரத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு விழும். ஒவ்வொரு கோட்டிலும் காலிப்பர் (குறுக்களவு பார்க்கும் கருவி) வைத்து அளவுக்கு உளியை இறக்கிவிட்டு, அப்புறம்தான் இடையில் குடத்தையும் கழுத்தையும் உருட்டுவார். இதைக் கூட நின்று பாருங்கள், ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய வேலை.

மிக முக்கியமானது, மேலே நாலைந்து அங்குலம் சதுரமாகவே விடச் சொல்லுங்கள். உங்கள் பழைய காலும் அப்படித்தான் இருக்கும். சட்டம் வந்து மாட்டும் துளைக்குத் தட்டையான முகம் வேண்டும், அந்தத் துளையையும் கடைவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், உருட்டிய பிறகு மரம் நிலையாகப் படுக்காது. உருண்டைக் கால் என்று சொல்கிறோமே தவிர மேசையைத் தாங்குவது இந்தச் சதுரம்தான். சதுரம் முடிந்து வட்டம் தொடங்கும் அந்த நான்கு முனைகளும் சிலும்பாகப் பெயராமல் கூர்மையாக இருந்தால் வேலை தெரிந்த கை என்று நம்பலாம்.

மரம் வாங்கும்போது வைரம், அதாவது உள்பக்கத்துக் கெட்டி மரம், மட்டும் இருக்கும் துண்டாகக் கேளுங்கள். வெள்ளை விழுந்த பகுதி தேக்காகவே இருந்தாலும் கரையானுக்கும் வண்டுக்கும் அதுதான் முதல் சாப்பாடு. தேவையான நீளத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்குங்கள், லேத் முனை குத்திய தடத்தை அறுத்துவிடலாம். புதுத் தேக்கு முதலில் வெளிறித் தெரியும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலீஷை இரண்டு மூன்று கை கூடுதலாகப் போட்டால் பழைய கால்களோடு சேர்ந்துவிடும். செய்வதைவிடப் பழையதாகவே வாங்க ஆசை என்றால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், பழைய வீட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அளவு காலைக் கையில் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஆடிக் காற்றில் எங்கள் வீட்டு வேப்பமரம் சாய்ந்துவிட்டது. அம்மன் மரம், விறகாக்க மனசு வரவில்லை. கிளைகள் மூன்றரை அங்குல உருண்டையாகத்தானே இருக்கின்றன, பட்டையை உரித்து அப்படியே மேசைக்குக் காலாக வைக்கலாமா? (ஒரு வாசகர், மேலூர்)

பதில்: வேம்பு நல்ல மரம், பூச்சி சுலபத்தில் அண்டாது. ஆனால் கிளையை முழுசாக வைக்காதீர்கள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முழுக் கிளைக்குள் மையம் அப்படியே இருப்பதால் அந்த இழுவை போக வழியில்லாமல் வெளியிலிருந்து மையம்வரை ஒரு வெடிப்பு ஓடும், விரல் நுழைகிற அளவுக்குக்கூட. அதனால் கிளையை விட்டுவிட்டு அடிமரத்தை மில்லுக்குக் கொண்டுபோய், மையத்தை ஒதுக்கி மூன்றரை அங்குலச் சதுரக் கட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி, நடுவில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், பூசாவிட்டால் அங்கேதான் முதலில் பிளக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவசரம் என்றால் மரம் காயவைக்கும் சூளை உள்ள மில்லைத் தேடுங்கள்.

ஒரு முறை காய்ந்த மரம் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நான்கு கால் கடைந்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர் கூப்பிட்டார். போய் காலிப்பர் வைத்தால் ஒரு பக்கம் மூன்று அங்குலம், மறுபக்கம் அதற்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவு. வட்டம் முட்டையாகிவிட்டது. நான்கையும் திரும்பச் செய்து கொடுத்தேன். உங்கள் மரம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அவசரமே வேண்டாம், காயட்டும்.

கேள்வி: அண்ணே, என்னிடம் லேத் இல்லை. இழைப்புளி இருக்கிறது. டிரில் மெஷினைப் படுக்க வைத்துக் கடையலாமா, இல்லை கையாலேயே வட்டக் கால் செய்ய முடியுமா? (ஒரு கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: டிரில் வேண்டாம் தம்பி. 29 அங்குலக் கால் அதில் உதறி எகிறினால் கையோ முகமோ போய்விடும். கையாலேயே செய்யலாம், மணியும் குடமும் இல்லாத, கீழே போகப் போகச் சிறுத்துப்போகும் சாதாக் கால் அருமையாக வரும்.

முதலில் சதுரக் கட்டையைக் கீழ்முனைக்குச் சிறுத்து இழைத்துக்கொள். அப்புறம் எட்டுப்பட்டை. ஸ்கேலை மரத்தின் முகத்தில் சாய்த்து வை, ஒரு ஓரத்தில் 0, மறு ஓரத்தில் 24 சென்டிமீட்டர் படுகிற மாதிரி. 7லும் 17லும் புள்ளி வை. இதையே கீழ்முனைக்குப் பக்கத்திலும் செய்து புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடு. நான்கு முகத்திலும் போட்டு, கோடு வரைக்கும் மூலைகளை இழைத்தால் சரியான எட்டுப்பட்டை, கால் சிறுத்துப்போனாலும் கணக்கு மாறாது. எட்டின் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்தால் பதினாறு. அதற்குமேல் உப்புத்தாளை நீளமாகக் கிழித்துக் காலைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் மத்துக் கயிறு மாதிரி மாறி மாறி இழு. மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே வார்த்தைதான், அந்தக் காலத்துக் கடைசலும் ஒருவர் கயிறு இழுக்க இன்னொருவர் உளி பிடித்துச் செய்ததுதான். மேலே நாலு அங்குலத்தை இழைக்காமல் சதுரமாக விட மறக்காதே.

கேள்வி: ஆன்லைனில் ரெடிமேட் ரப்பர் மரக் கால் தகட்டோடு வருகிறது. சாப்பாட்டு மேசைக்கு வாங்கலாமா? (ஒரு வாசகி, ஆனையூர்)

பதில்: டீப்பாய்க்கு வாங்குங்கள், சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். தகட்டில் திருகிய காலுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது, 29 அங்குல உயரத்தில் பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து திருகு இளகிவிடும். சட்டத்தோடு துளையில் மாட்டிய கால்தான் அதற்குச் சரி. டீப்பாய்க்குப் போட்டாலும் அடியில் ரப்பர் புஷ் மாட்டுங்கள். ரப்பர் மரத்துக்கு ஈரமும் கரையானும் ஆகாது, தினமும் வீடு துடைக்கிற தண்ணீர் காலின் அடிமுனையில்தான் ஏறும்.