ஓக் காட்டுக்குள் எந்தப் படகு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக்கில் வேலை பார்க்கிறேன். சென்ற குளிர்காலத்தில் அலுவலக நண்பர்கள் என்னை வாத்து வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். இந்த ஆண்டு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாகப் படகு வாங்கலாம் என்றிருக்கிறோம். கூடவே ஒரு லாப்ரடார். போகப்போவது பெரும்பாலும் பாயூ மீட்டோ அரசு வனப்பகுதிக்கு, குளிர்காலத்தில் தண்ணீர் தேக்கி வைக்கும் ஓக் காடு அது. கடைக்காரர் 1860 படகுக்கும் 40 குதிரைத்திறன் மோட்டாருக்கும் விலை போட்டுக் கொடுத்திருக்கிறார். நண்பரோ 1436 போதும், அதற்கு மேல் போனால் மரங்களுக்கு நடுவே நுழையாது என்கிறார். இருவரும் பல வருடமாக இதில் இருப்பவர்கள். எதை வாங்குவது?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

நீங்கள் சொல்லும் ஆட்களுக்கும் இடத்துக்கும் 1648 வாங்குங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். ஆட்களோ இடமோ மாறினால் நீங்களே திரும்பக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தட்டையடி அலுமினியப் படகுகளின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் நீளம், அடிக்கணக்கில். பின் இரண்டு இலக்கம் அகலம், அங்குலத்தில். புதிதாக வாங்குபவர்கள் தவறுவது இந்த அகலத்தில்தான். அது அடித்தட்டின் அகலம். பக்கச்சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் மேல்விளிம்பில் அகலம் கூடிவிடும். அடியில் 48 அங்குலம் உள்ள படகு மேலே 66 முதல் 70 அங்குலம் வரை இருக்கும். 60 அங்குலப் படகு ஏறத்தாழ 80 அங்குலம், அதாவது ஆறே முக்கால் அடி. படகு மரத்தில் மாட்டுவது மேல்விளிம்பில். ஆகவே கடையில் டேப்பை மேலே வைத்து அளந்து பாருங்கள்.

இனி சுமை. கனத்த உடை, வேடர் (தண்ணீரில் நிற்கப் போடும் நீர்புகா உடை), துப்பாக்கி, தோட்டா, பை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 235 பவுண்டு வையுங்கள். மூன்று பேருக்கு 705. நாய்க்கு 70, வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் இரண்டு டஜன் பொம்மை வாத்துக்குக் கயிறும் ஈயக்குண்டும் சேர்த்து 45, பேட்டரிக்கு 45, ஆறு காலன் பெட்ரோல் டாங்கிக்கு 45. கழி, துடுப்பு, கயிறு, நாய் நிற்கும் மேடை போன்றவற்றுக்கு 50. மொத்தம் 960 பவுண்டு, கிட்டத்தட்ட 435 கிலோ. எந்தப் படகு வாங்கினாலும் இந்தச் சுமை மாறாது.

தட்டையடிப் படகு எவ்வளவு முங்கும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். 1648இன் அணியம் (முன்முனை) மேல்நோக்கி வளையும் பகுதியைக் கழித்தால் தண்ணீரில் படியும் அடித்தட்டு பன்னிரண்டரை அடிக்கு நான்கு அடி, அதாவது 50 சதுர அடி. ஒரு கன அடித் தண்ணீர் 62.4 பவுண்டு. எனவே 260 பவுண்டு ஏற ஏற ஒரு அங்குலம் முங்கும். படகு ஏறத்தாழ 400, மோட்டார் 200, சுமை 960, ஆக 1,560 பவுண்டு. ஆறு அங்குலம் முங்கும்.

இதே கணக்கை 1436க்குப் போடுங்கள். படியும் பரப்பு சுமார் 31.5 சதுர அடிதான். 164 பவுண்டுக்கே ஒரு அங்குலம் போய்விடும். படகு 170, சின்ன மோட்டார் 100, உங்கள் சுமை 960, ஆக 1,230. ஏழரை அங்குலம் முங்கும். அந்த அளவுப் படகில் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குல உயரம்தான், மீதி நிற்பது ஏழரை அங்குலம். பின்னால் மோட்டாரும் ஓட்டுபவரும் இருப்பதால் அங்கே இன்னும் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். படகில் பதித்திருக்கும் தகடு சொல்லும் எடை வரம்பையும் இந்தச் சுமை தாண்டிவிடும். நண்பர் சொன்ன படகு நல்ல படகுதான், ஆனால் ஒருவருக்கு. நாயைச் சேர்த்தால் இரண்டு பேருக்கு இறுக்கமாக இருக்கும். மூன்று பேரை அதில் ஏற்றாதீர்கள்.

1860இல் பரப்பு சுமார் 72 சதுர அடி. படகு 700, மோட்டார் 270, சுமை 960. ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல் முங்கும். 1648ஐ விட ஒரு அங்குலம்தான் லாபம். அதற்காக ஒரு அடி கூடுதல் அகலத்தையும் இரண்டு அடி கூடுதல் நீளத்தையும் மரங்களுக்கு நடுவே கொண்டுபோக வேண்டும். படகு கட்டையில் ஏறி நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கிய பிறகும் 970 பவுண்டைத் தள்ள வேண்டும். 1648இல் அது 600. தொடையளவுத் தண்ணீரில், சேற்றில் கால் புதைய, இருட்டில் இந்த 370 பவுண்டு வித்தியாசம்தான் பொழுது விடிவதற்குள் போய்ச் சேர்வீர்களா என்பதை முடிவு செய்யும்.

மரக்காட்டில் படகு ஒரு வண்டி. அங்கிருந்து சுடுவதில்லை. மல்லார்டு என்னும் காட்டு வாத்து இறங்கும் இடத்தில் தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைவரைதான் இருக்கும். நீங்கள் இறங்கி ஆளுக்கொரு மரத்தை ஒட்டி நிற்பீர்கள், நாய்க்கு மரத்தில் மேடை கட்டுவீர்கள், படகை அறுபது எழுபது கஜம் தள்ளி வலைபோட்டு மூடிவிடுவீர்கள். ஆகவே படகில் எழுந்து நின்றால் ஆடுகிறதா என்று கடையில் சோதிப்பதைவிட, மூவரும் சாமானோடு உட்கார்ந்தால் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் வலியால் தண்ணீரில் நிற்க முடியாதவர் கூட வந்தால் மட்டும் கணக்கு மாறும். அவர் படகிலிருந்தே சுட வேண்டும், அதற்கு 54 அங்குல அடித்தட்டு வேண்டும். மோட்டார் நின்று, அதனால் வந்த ஓட்டமும் நின்ற பிறகே சுடலாம் என்பது மத்தியச் சட்டம்.

மர இடைவெளியை ஊகிக்க வேண்டாம். கோடையில் இந்த நீர்த்தேக்கக் காடுகள் வற்றிக் கிடக்கும். ஒரு பிவிசி குழாயை மேல்விளிம்பு அகலத்தோடு எட்டு அங்குலம் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு நான்கு அங்குலம், விளிம்பில் வைத்த கை நசுங்காமல் இருக்க. செப்டம்பரில் அதைக் கிடையாகப் பிடித்தபடி போகப்போகும் வழியை நடந்து பாருங்கள். குழாய் தட்டும் இடத்தில் படகும் தட்டும். சைப்ரஸ் முட்டுகளும் (வேரிலிருந்து மேலே எழும் முண்டுகள்) அறுத்த மரத்தின் அடிக்கட்டைகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும், ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். காட்டன்மவுத் என்னும் நச்சுப் பாம்பு உள்ள காடு, உயரமான பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

நேரான வழியில் அகலம் தடுக்கும், திரும்பும் இடத்தில் நீளம் தடுக்கும். சிலர் 14 அடியிலேயே 48 அங்குலம் வாங்குவார்கள். அது நன்றாகத் திரும்பும், ஆனால் மூன்று பேரும் நாயும் ஏறினால் அணியத்தில் ஒருவர் மூட்டையின்மேல் உட்கார வேண்டிவரும். உங்கள் வழி மிக நெருக்கமாக இருந்தால் 1548 கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். அணியம் சற்றுக் கூர்ந்த வகையாக இருக்கட்டும். சதுர அணியம் மரத்தில் நேராக மோதி நின்றுவிடும், கூர்ந்தது வழுக்கி விலகும்.

தகட்டின் தடிமன் 0.100 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடித்தட்டு மட்டும் 0.125 என்றால் இன்னும் நல்லது. ரிவெட் அடித்ததைவிட வெல்டிங் செய்த படகு கட்டைமீது ஏறி இறங்குவதைத் தாங்கும். அடியில் நீளவாக்கில் துருத்தும் வரிகள் நேரோட்டத்துக்கு உதவும், ஆனால் கட்டையில் மாட்டும். மரக்காட்டுக்கு வழவழப்பான அடியே ஏற்றது.

மோட்டார் விஷயத்தில் கடைக்காரரின் 40 உங்களுக்கு வேண்டாம். 1648க்கு 23 முதல் 27 குதிரைத்திறன் சர்ஃபேஸ் டிரைவ் (விசிறி நீர்மட்டத்தை ஒட்டிச் சுழலும் மோட்டார்) போதும். லாங் டெயில் விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் அதன் நீண்ட தண்டை வீச மரங்களுக்கு நடுவே இடம் இருக்காது. அவுட்போர்டு (விசிறி நீருக்குள் இறங்கிச் சுழலும் வழக்கமான மோட்டார்) ஆழமான கால்வாயில் நன்றாக ஓடும், உள்ளே வந்தால் மோட்டாரைக் குளிர்விக்க நீர் இழுக்கும் துளையை இலைச்சருகு அடைத்துச் சூடேறும், அடிக்கட்டையில் கியர்ப்பகுதி அடிபடும். எதை வாங்கினாலும் ரிவர்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே மூக்கை நுழைத்த பிறகு பின்னால் வர வேறு வழியில்லை. பகுதிக்குப் பகுதி குதிரைத்திறன் வரம்பும் நுழையும் நேரமும் வேறுபடும், வாங்கும் முன் ஆர்கன்சா வேட்டை மீன்வள ஆணையத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

சர்ஃபேஸ் டிரைவின் எடை பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. அதனால் பேட்டரியையும் பெட்ரோலையும் அணியத்துக்குக் கொண்டுபோங்கள், நாயும் முன்னாலேயே இருக்கட்டும். வேகமாக வந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், படகு கிளப்பிய அலையே பின்னால் துரத்தி வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே விழும். பலமாகச் சுமையேறிய படகுகள் முழுகுவதில் இது முக்கியமான காரணம். மரவரிசை தெரிந்ததும் மெல்ல மெல்லக் குறையுங்கள். வேடருக்கு மேல் மிதவைச் சட்டை கட்டாயம் போடுங்கள். டிசம்பர் தண்ணீரில் கை விறைக்கச் சில நிமிடங்களே ஆகும். ஓட்டுபவர் மோட்டாரை நிறுத்தும் கயிற்றைத் தன்மேல் மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைந்த, அந்தச் சுவிட்ச் உள்ள படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அது சட்டம். நீங்கள் 1986 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ஆர்கன்சாவில் படகோட்டப் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

ஆழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காடுகளின் வில்லோ ஓக்கும் நட்டால் ஓக்கும் உதிர்க்கும் சிறிய கொட்டைகளுக்காகத்தான் மல்லார்டு வருகிறது. மரம் உறங்கும் முன்பே தண்ணீரைத் தேக்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அந்த ஓக்குகள் செத்துப்போகின்றன. இதைக் கண்டுதான் ஆணையம் மதகுகளை முன்புபோல் சீக்கிரம் மூடுவதில்லை. சீசன் தொடங்கும் நவம்பர் இறுதியில் தண்ணீர் குறைவு என்று சிலர் சண்டைக்கு நிற்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை. ஒரு ஓக் வளர ஒரு தலைமுறை ஆகும். ஆறு அங்குலத்தில் மிதக்கும் படகை வாங்கினால் அந்தத் தண்ணீரிலும் கால்வாய்வழியே பாதித் தூரம் போய்விடலாம், மீதியை நடக்கலாம்.

பழைய படகு கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே குழாயால் இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். இரண்டு அங்குலமே 500 பவுண்டுக்கு மேல் வரும், அதற்கு மேல் நிரப்பினால் டிரெய்லருக்கு ஆகாது. பிறகு மோட்டாரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பின்பலகை அசைந்தாலோ வெல்டிங் ஓரத்தில் மயிரிழைபோலக் கோடு தெரிந்தாலோ வேறு படகு தேடுங்கள். கடைசியாக, இருக்கைக்குள் இருக்கும் நுரை நீர் குடித்திருக்கிறதா என்று அறிய எடைமேடையில் நிறுத்துங்கள். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஐம்பது அறுபது பவுண்டு கூடினால் நுரையை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.