தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குள் இணைப்புகளை எப்படிக் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது?

முதல் சிக்கல் வேற்றுமை உருபு. இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் சொல் இணைப்பாகும். அது தேடிப்போவது அதே தலைப்புள்ள பக்கத்தை. வாக்கியத்திலோ அந்தச் சொல் உருபேற்று வேறு உருவில் நிற்கும்.

உயிரெழுத்தில் முடியும் சொற்கள் பலவற்றுக்கு வேலை குறைவு. [[மதுரை]]யில், [[பூ]]வின் என்று அடைப்புக்கு வெளியே உருபை ஒட்டி எழுதுங்கள். நடுவே இடைவெளி இல்லையென்றால் முழுச் சொல்லும் நீல இணைப்பாகிவிடும். மரம் மரத்தில் ஆகும்போதும் காடு காட்டில் ஆகும்போதும் இது பலிக்காது. அங்கே நெடுங்கோடு வேண்டும்: [[மரம்|மரத்தில்]], [[காடு|காட்டில்]]. கோட்டுக்கு முன்னால் தலைப்பு, பின்னால் வாசகருக்குத் தெரிவது. புள்ளியில் முடியும் சொற்களும் பெரும்பாலும் இப்படித்தான்: [[தமிழ்|தமிழில்]].

(1995இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கியில், ஆங்கிலச் சொற்களைப் பேரெழுத்தில் (capital) தொடங்கி ஒட்டி எழுதினாலே இணைப்பாகிவிடும். பேரெழுத்தே இல்லாத நமக்குச் சதுர அடைப்பு வந்தது நல்லதாயிற்று.)

[[மரத்தில்]] என்று எழுதிவிட்டு, அது சிவப்பாக (அப்படியொரு பக்கம் இல்லை என்று பொருள்) நிற்கிறதே என்று அந்தப் பெயரில் ஒரு வழிமாற்றுப் பக்கம் (திறப்பவரைத் தானே வேறு பக்கத்துக்கு அனுப்பும் பக்கம்) தொடங்காதீர்கள். எட்டு வேற்றுமைக்கும் தொடங்கி முடியாது. சுவிட்சர்லாந்து, சுவிற்சர்லாந்து என்று தமிழகமும் ஈழமும் வேறுவேறாக எழுதும் பெயர்களுக்குத்தான் வழிமாற்று. ஒரு வழிமாற்று இன்னொரு வழிமாற்றைச் சுட்டினால் வாசகர் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார். மென்பொருள் ஒரு தாவலோடு நிறுத்திக்கொள்ளும்.

ஆறு போன்ற சொற்களில் கவனம் தேவை. நதியா, எண்ணா? நீலமாகிவிட்டது என்பதாலேயே சரியான பக்கத்துக்குப் போகிறது என்று ஆகாது. ஒருமுறை சொடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு என்பதற்கு என் அளவுகோல்: அந்தச் சொல் தெரியாமல் வாக்கியம் புரியாது என்றால் இணைப்பு, அதுவும் முதல்முறை வருமிடத்தில் மட்டும். 'நீர்', 'மனிதன்' எல்லாம் நீலமாக இருந்தால் தேவையான இணைப்பு கண்ணில் படாது.

இணைப்பு வழியே வருபவர் உங்கள் கட்டுரைக்குள் எந்தப் பக்கமிருந்தும் நுழைவார். [[மதுரை#வரலாறு]] என்று கொடுத்தால் நேரே நடுப்பகுதியில் இறங்குவார். அவருக்கு 'மேலே கண்டபடி' என்பதும், பத்தித் தொடக்கத்தில் வரும் 'இவர்', 'அது' என்பதும் வெற்றுச் சொற்கள். ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்திலும் பெயரைச் சொல்லிவிடுங்கள். 'வரலாறு' என்ற துணைத்தலைப்பை யாராவது 'பண்டைய வரலாறு' என்று மாற்றினால் இணைப்பு அறுந்ததாகக் காட்டாது. சத்தமில்லாமல் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆகவே துணைத்தலைப்பில் கை வைக்குமுன் 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலை (உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த பக்கங்கள்) திறந்து, அங்குள்ள பக்கங்களில் அந்தத் துணைத்தலைப்பைத் தேடிப் பாருங்கள்.